கால் மணி நேரம் பொறு!

பஸ்ஸில் ஏறியதும் ஜன்னல் ஸீட் தேடுகிறவர்கள் உண்டு. டிரைவருக்குப் பின் ஸீட் தேடுகிறவர்கள் உண்டு. நான் படிக்கட்டுக்குப் பக்கத்து ஸீட் தேடுகிற ஜாதி. காற்றுக்காக அல்ல. எந்த நிமிஷமும் இறங்கி ஓட வசதியாக இருக்கும் என்பதற்காக.

தினம் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்கு ஆபீஸ் போகிறவன் நான். நாற்பது கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம். வழியில் எத்தனையோ கோயில், எத்தனையோ வாய்க்கால். பசேலென்று வயல் விரிந்து கிடக்கும். பக்கத்து ஸீட்காரர் அதைப் பார்த்து, "ஆஹா, நாத்து எப்படி நிக்குது பாருங்க ஸார்!" என்பார். என் கண்ணுக்கு நாற்று தெரியாது. அந்த வயலோரம் ஒரு மறைவு இருக்கிறதா, ஒரு கருவேல மரமாவது இருக்கிறதா என்பதுதான் தெரியும். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் கழிப்பறை எந்தப் பக்கம், அய்யம்பேட்டையில் எந்த டீக்கடைக்குப் பின்னால் சந்து, எல்லாம் அத்துப்படி. இந்த ரூட்டுக்கு யாராவது 'அவசர வரைபடம்' போட நினைத்தால் என்னைத் தொடர்பு கொள்ளலாம்.

வயசு எழுபது என்று நினைத்துவிடாதீர்கள். இருபத்தொன்பது!

ஆபீஸில் எனக்கு 'மினிட்ஸ்' என்று பட்டப்பெயர். மீட்டிங்கில் மினிட்ஸ் எழுதுகிறவன் என்பதால் இல்லை. "ஒரு ரெண்டு மினிட்ஸ் ஸார்" என்று நடுவில் எழுந்து போகிறவன் என்பதால். சுண்டு விரலைக் காட்டி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறு என்ன செய்ய?

நானாகவே சில வைத்தியங்கள் கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதலாவது, தண்ணீரே குடிக்காதே. காலையில் எழுந்ததிலிருந்து ஆபீஸ் போய்ச் சேரும் வரை ஒரு சொட்டு கிடையாது. (காபி கணக்கில் வராது. கும்பகோணத்தில் பிறந்தவனுக்குக் காபி திரவமே அல்ல, சுவாசம்!) இரண்டாவது, வந்தாலும் வராவிட்டாலும் போய்விடு. வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒரு தடவை, பஸ் ஏறும் முன் ஒரு தடவை, இறங்கியதும் ஒரு தடவை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை. மழை வருகிறதோ இல்லையோ குடையோடு போகிற மாதிரி. இந்த இரண்டு வைத்தியமும்தான் வியாதியை வளர்த்த உரமும் யூரியாவும் என்பது பிறகுதான் தெரிந்தது.

விஷயம் முற்றியது மன்னார்குடியில். பெண் பார்க்கப் போயிருந்தோம். மாமா, மாமி, அக்கா, நான். அம்மா வரவில்லை. "முட்டி வலிடா தம்பி, பஸ்ல ஏறி இறங்க முடியாது. நீங்க பாத்துட்டு வாங்க. உனக்குப் பிடிச்சா எனக்கும் பிடிச்ச மாதிரிதான்" என்று சொல்லிவிட்டாள். பெற்ற பிள்ளைக்குப் பெண் பார்க்க வராத அம்மாவா என்று மாமிக்கு உள்ளூரக் கோபம். எனக்கும்தான்.

பெண் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் தடவை கேட்டேன். "பாத்ரூம்...?" கொல்லைப் பக்கம் காட்டினார்கள். கேசரி வந்ததும் இரண்டாவது தடவை. பெண் காபித் தட்டோடு வரும் நேரம் பார்த்து மூன்றாவது தடவை! நான் திரும்பி வந்தபோது பெண் உள்ளே போய்விட்டிருந்தாள். காபி ஆடை கட்டியிருந்தது. பெண்ணின் பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு என் மாமாவிடம், "தப்பா நெனைக்காதீங்க. தம்பிக்கு சுகர் கிகர் இருக்கா?" என்றார்.

ஒரு வாரத்தில் 'ஜாதகம் பொருந்தவில்லை' என்று தகவல் வந்தது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்த ஜாதகம்!

அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அடுத்து நடந்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒருநாள் ஆபீஸ் விட்டு, வழியெல்லாம் அடக்கிக்கொண்டு, வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். சாவியைப் பூட்டில் நுழைக்கிறேன். அவ்வளவுதான். நாற்பது கிலோமீட்டர் பொறுத்தது நாலு அடி பொறுக்கவில்லை. பேன்ட் நனைந்துவிட்டது.

கோயிலுக்குப் போயிருந்த அம்மா சரியாக அதே நேரத்தில் தெருவில் வருகிறாள். பார்த்தாள். ஒரு விநாடி நின்றாள். "என்னா வெயில்! வேர்த்து ஊத்தி நனைஞ்சு போச்சு பாரு. போய்க் குளிச்சுட்டு வாடா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது மார்கழி மாசம், ஸார்.

மறுநாளே லீவு போட்டுத் தஞ்சாவூரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். சுகரா, புற்றுநோயா, பிராஸ்டேட்டா என்று மனசில் ஒரு பெரிய லிஸ்ட். அவர் நிதானமாக எல்லாம் கேட்டார். ரத்தத்தில் சர்க்கரை பார்த்தார், சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார். போய்விட்டு வந்த பிறகும் உள்ளே தேங்கி நிற்கிறதா என்று ஸ்கேன் எடுத்தார். எல்லாம் நார்மல். எழுதிக் கொடுக்க மாத்திரைச் சீட்டை எடுப்பார் என்று பார்த்தால், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டார்.

"மூணு நாள் டயரி எழுதுங்க. எத்தனை மணிக்குப் போனீங்க, எவ்வளவு போனீங்க, என்ன குடிச்சீங்க, அவசரம் எவ்வளவு. அளவு கோடு போட்ட பிளாஸ்டிக் மக் ஒண்ணு வாங்கிக்கங்க."

ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் மக் வைத்துக்கொண்டு மூன்று நாள் திரிந்தேன். நான் பட்ட அவஸ்தையைத் தனிக் கட்டுரையாக எழுதலாம்.

மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தால் ஒரு நாளைக்குப் பதினான்கு தடவை. ஒவ்வொரு தடவையும் நூறு மில்லி, நூற்றிருபது மில்லி. காபி ஆறு டம்ளர். தண்ணீர் மொத்தமே மூன்று டம்ளர். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"மேட்டூர் அணை முழு உயரம் எவ்வளவு தம்பி?"

டெல்டாக்காரனிடம் இதைக் கேட்பதா! "120 அடி ஸார். 93.47 டி.எம்.சி."

"உங்க சிறுநீர்ப்பை 400, 500 மில்லி பிடிக்கும். பாதி நெறையறப்பதான் லேசா ஞாபகமே வரணும். நீங்க முப்பது அடி தண்ணி வந்த உடனே ஷட்டரைத் தூக்கிடறீங்க. வருஷக்கணக்கா இதையே செஞ்சா, அணைக்கும் முப்பது அடிதான் முழுக் கொள்ளளவுன்னு பழகிப் போயிடும். அணையில ரிப்பேர் ஒண்ணுமில்லை. லஸ்கருக்குத்தான் பயம்!"

லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூடுகிற நீர்வளத் துறை ஊழியர். என் விஷயத்தில் லஸ்கர் என் மூளை.

அவர் விளக்கியதன் சாரம் இதுதான். சிறுநீர்ப்பையைச் சுற்றி ஒரு தசை. நிறைகிற வரை அது சும்மா தளர்ந்து கிடக்க வேண்டும். நாம் உத்தரவு கொடுத்த பிறகுதான் சுருங்க வேண்டும். சிலருக்கு அது உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை. அரைகுறையாக நிறைந்திருக்கும்போதே திடீரென்று சுருங்கும். அதுதான் அந்த 'இப்பவே, இந்த நிமிஷமே' அவசரம். வீட்டுப் பூட்டில் சாவி போடும்போது, குழாய்த் தண்ணீர் சத்தம் கேட்கும்போது அதிகமாவதற்குக் காரணம், மூளை பழகிய பழக்கம். வாசலைப் பார்த்ததும் வால் ஆட்டும் நாய் மாதிரி. காபியும் டீயும் அந்தத் தசையைச் சீண்டும். தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கெட்டியாகி இன்னும் சீண்டும். அடிக்கடி போகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் என்று அர்த்தமில்லை. சர்க்கரை, கிருமி, பிராஸ்டேட், கல் எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால்தான் முதலில் சோதனை.

"மருந்து இருக்கு. தேவைப்பட்டா தர்றேன். முதல்ல பழக்கத்தை மாத்திப் பாப்போம்" என்றார்.

"மருந்தில்லாம சரியாகுமா ஸார்?" எனக்கு ஏமாற்றம். ஃபீஸ் கொடுத்ததற்கு ஒரு ஊசியாவது போட வேண்டாமா!

அதற்கு அவர் சொன்னது: 1998-ல் அமெரிக்காவில் 197 வயதான பெண்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடந்தது. ஒரு பிரிவுக்குப் பழக்கப் பயிற்சி, ஒரு பிரிவுக்கு மாத்திரை, ஒரு பிரிவுக்கு வெறும் ஒப்புக்கு மாத்திரை. பயிற்சி எடுத்தவர்களுக்குக் கசிவு சுமார் 81 சதவிகிதம் குறைந்தது. மாத்திரைக்காரர்களுக்கு 69. ஒப்புக்கு மாத்திரைக்கு 39. பயிற்சிதான் முதல் ரேங்க்! பின்னால் 2011-ல் ஆண்களிடம் பார்த்ததிலும் பயிற்சி, மாத்திரைக்குச் சளைக்கவில்லையாம்.

பயிற்சி மூன்று பாகம். நாலு பேருக்கு உபயோகப்படட்டும் என்று சொல்கிறேன்.

ஒன்று, முறைப் பாசனம். தண்ணீர் குறைந்த வருஷம் நம் ஊரில் ஆற்றுக்கு ஆறு முறை வைத்து விடுவார்களே, அதே. ஆரம்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை. கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும், அவசரம் பார்த்து அல்ல. 'எதற்கும் இருக்கட்டும்' கிடையவே கிடையாது. ஒரு வாரம் அது பழகியதும் கால் மணி நேரம் கூட்ட வேண்டும். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. எட்டு வாரத்தில் மூன்று மணி நேரம் வந்துவிடும்.

இரண்டு, மதகுக்கு வேலை. காற்று வெளியேறாமல் நாலு பேர் நடுவில் அடக்குகிறோமே, அந்தத் தசையை உள்ளுக்கு இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்து, ஐந்து எண்ணும் வரை விட வேண்டும். பத்துத் தடவை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. வயிறு, தொடை, புட்டம் எதையும் இறுக்கக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. போய்க்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகவும் கூடாது. 1948-ல் அமெரிக்காவில் ஆர்னால்ட் கெகல் என்ற மகளிர் நோய் டாக்டர், பிரசவத்துக்குப் பின் கசிவால் கஷ்டப்பட்ட பெண்களுக்காக எழுதி வைத்தது. இன்றைக்கும் 'கெகல் பயிற்சி' என்றே பெயர். யோகாசனக்காரர்கள் சொல்லும் மூலபந்தமும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

இதில் உள்ள பெரிய சௌகரியம், யாருக்கும் தெரியாது. பஸ்ஸில் செய்யலாம். மானேஜர் திட்டும்போது செய்யலாம். ஒரு தடவை மும்முரமாகச் செய்துகொண்டிருந்தபோது மானேஜர், "என்னய்யா, நான் சொல்றதை இவ்வளவு சீரியஸா கேக்கறே!" என்று சந்தோஷப்பட்டுப் போனார்.

மூன்றாவதுதான் கஷ்டம். அவசரம் வந்தால் ஓடக் கூடாது! நில், அல்லது உட்கார். மதகுத் தசையை ஐந்தாறு தடவை டக் டக்கென்று சுருக்கி விடு. அது இறுகினால் மேலே உள்ள பையின் தசை தானாகத் தளரும். உடம்பில் அப்படி ஒரு ஏற்பாடு. மனசை வேறு பக்கம் திருப்பு. அவசரம் என்பது அலை. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். இறங்கிய பிறகு, ராஜா மாதிரி நடந்து போ.

கூடவே காபி ஆறிலிருந்து இரண்டு. (இந்த ஒரு வரியை எழுதக் கை நடுங்குகிறது.) தண்ணீர் ஒழுங்காக, நாள் முழுக்கப் பரப்பி. படுக்கப் போவதற்கு முன்பு மட்டும் குறைவாக.

முதல் வாரம் நரகம். சுந்தரபெருமாள்கோவில் தாண்டியதும் அலை வரும். கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து தடவை சுருக்கி, ஊர்ப் பெயர்களைத் தலைகீழாகச் சொல்வேன்: 'பசுபதிகோவில், அய்யம்பேட்டை, பண்டாரவாடை, பாபநாசம்...' பக்கத்து ஸீட் பாட்டி, ஏதோ மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மூன்றாவது வாரம் ஒருநாள் தஞ்சாவூர் வந்து இறங்கி, ஆபீஸ் போய், நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது, இன்றைக்கு அலை வரவே இல்லை! அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் ஸீட்டில் உட்கார்ந்தேன். நாற்று நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது ஸார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது என் கதை. ஆனால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப் பக்கம் போனேன். பழைய பருத்திப் புடவைகளைக் கிழித்து நாலாக மடித்துத் தைத்த துணிகள், கொடியின் கோடியில், ஒரு பெட்ஷீட்டுக்குப் பின்னால் மறைவாகக் காய்ந்துகொண்டிருந்தன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். பாத்திரம் தேய்க்கவா? அவ்வளவு நேர்த்தியாகத் தைத்தா? அம்மாவுக்கு வயது ஐம்பத்தெட்டு.

அங்கேயே நின்றுவிட்டேன். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. மன்னார்குடிக்கு வராதது. சித்தி பெண் கல்யாணத்துக்கு மாயவரம் வராதது. 'முட்டி வலி' என்பாள், ஆனால் மாடிப்படி சரசரவென்று ஏறுவாள். யாராவது ஜோக் அடித்தால் சிரிப்பதற்கு முன் முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடிப்பாள். அப்புறம் அந்த மார்கழி மாசத்து 'வெயில்'. பார்த்த ஒரே விநாடியில் அவளுக்கு எப்படித் தெரிந்தது? தெரிந்தவளுக்குத்தானே தெரியும்!

எனக்கு இரண்டு வருஷமாகத்தான் கஷ்டம். அவளுக்கு எத்தனை வருஷமோ! நான் பட்டப்பெயராவது வாங்கினேன். அவள் சத்தமில்லாமல் ஊர், உறவு, கல்யாணம், காட்சி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு விட்டாள்.

இதை அம்மாவிடம் எப்படிப் பேசுவது? எந்தப் பிள்ளை பேசியிருக்கிறான்? இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். கடைசியில் அவள் புளி கரைத்துக்கொண்டிருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ம்மா, அன்னிக்கு எனக்கு வேர்க்கலைம்மா."

புளி கரைக்கிற கை நின்றது. "தெரியும்டா" என்றாள்.

"டாக்டர்கிட்ட போனேன். இப்ப சரியாயிடுச்சு. மருந்தே இல்ல, வெறும் பயிற்சிதான். பொம்பளைங்களுக்குத்தான் இதை மொதமொதல்ல கண்டுபிடிச்சாங்களாம்."

ரொம்ப நேரம் பேச்சில்லை. அப்புறம் மெதுவாக, "உன்னைப் பெத்ததுலேர்ந்தே லேசா இருக்கு. இந்த ஏழெட்டு வருஷமா ஜாஸ்தி. பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் உள்ளதுதானேன்னு விட்டுட்டேன். நடவுக்குப் போற பொம்பளைங்க காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடக்குறாங்க. அவங்க யார்கிட்ட போய்ச் சொல்றாங்க?" என்றாள். என் கண்ணில் புளி தெறித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவை வரவழைத்து, ஒரு லேடி டாக்டரிடம் அனுப்பினேன். அம்மாவுக்கு இரண்டும் கலந்திருப்பதாகச் சொன்னார்கள். இருமினால், தும்மினால் கசிவது ஒன்று. அது பிரசவத்தில் தளர்ந்த தசையால் வருவது. என்னைப் போல அவசரம் இன்னொன்று. இரண்டுக்கும் முதல் பாடம் அதே பயிற்சிதான். தும்மல் வருவதற்கு ஒரு நொடி முன்னால் தசையை இறுக்கிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் பயிற்சியே போதும் என்றில்லை. சிலருக்கு மருந்து, சிலருக்குச் சின்ன ஆபரேஷன்கூடத் தேவைப்படும். சிறுநீரில் ரத்தம், எரிச்சல், காய்ச்சல், முக்கி முக்கிப் போவது, இதெல்லாம் இருந்தால் பயிற்சி செய்துகொண்டு உட்கார்ந்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். (இதற்கு மட்டும் ஓடலாம்!)

எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு செல்போனில் அலாரம் அடித்தால் ஒரே வேடிக்கை. இது அம்மாவுக்கா, எனக்கா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொள்வோம். "கால் மணி நேரம் பொறுடா" என்பாள். "நீ பொறும்மா" என்பேன். மூன்று மாசம் ஆயிற்று. கொடியில் துணிகள் பத்திலிருந்து ஐந்தாகி, இரண்டாகி, அப்புறம் ஒருநாள் பெட்ஷீட் மட்டும் காய்ந்தது.

போன மாதம் பட்டுக்கோட்டையில் ஒரு வரன். "நானும் வர்றேன்" என்று அம்மா பட்டுப் புடவையை எடுத்தாள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர், அங்கே பஸ் மாறிப் பட்டுக்கோட்டை. எட்டு வருஷத்துக்குப் பிறகு அம்மா ஏறிய பஸ். ஜன்னல் ஸீட் அவளுக்கு. பாபநாசம் தாண்டும்போது அவள் உதடு லேசாக முணுமுணுப்பதைப் பார்த்தேன். ஊர்ப் பெயர்கள்! தலைகீழாக!

பெண் வீட்டில் நான் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. காபி சூடாகவே குடித்தேன். அன்றைய இரண்டில் ஒன்று. பெண்ணைப் பார்த்தேன், பெண்ணும் பார்த்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது பெண்ணின் அம்மாவுக்கு ஒரு தும்மல் வந்தது. சட்டென்று சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து போய், "சம்பந்தி, கொல்லைல முருங்கை காய்ச்சிருக்குன்னாங்களே, காட்டுங்களேன்" என்று கையைப் பிடித்து அழைத்துப் போய்விட்டாள். அரை மணி நேரம் ஆளைக் காணோம். மாமாவுக்கு ஒரே டென்ஷன். 'இன்னும் பேச்சே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள சம்பந்தியா? என்ன பேசறாங்க? பவுன் கணக்கா?'

திரும்பி வந்தபோது இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு. பஸ்ஸில் மெதுவாகக் கேட்டேன். "என்னம்மா பேசினீங்க அவ்வளவு நேரம்?"

"எல்லாம் பேசி முடிச்சாச்சு. பத்துக்குப் பத்துப் பொருத்தம்" என்றாள் அம்மா, ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே. "காலைல பத்து, மத்தியானம் பத்து, ராத்திரி பத்துன்னு சொல்லிக் குடுத்திருக்கேன்."